தரிசனம் கண்டாராம்! சோதித்துப் பார்த்தீர்களா?

செஞ்சி கமிட்டியில் நெல் எடுக்கும் சகோதரரே! ஒரு பிடி அள்ளி ஈரம் பார்க்காமல் மூட்டைக்கு விலை சொல்வீர்களா? 'கர்த்தர் எனக்குக் காட்டினார்' என்று மேடையில் ஒருவர் சொன்னால் மட்டும் நம் பிள்ளைகள்கூட வாய்பிளந்து கேட்பதேன்?

2008இல் காலமான டி.ஜி.எஸ். தினகரன், இயேசுவைத் தரிசித்ததாகவும் பரலோகத்தைக் கண்டதாகவும் சொல்லி வந்தார். அவர் ஒருவர் மட்டும் கண்ட காட்சிக்கு சாட்சியை எங்கே தேடுவது? ஆனால், நாள் குறித்துச் சொன்னதைச் சோதிக்கலாம் அல்லவா?

அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்டு கேம்பிங், பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு, 1994 செப்டம்பரில் கிறிஸ்து வருவார் என எதிர்பார்க்க வைத்தார். வரவில்லை. பிறகு 2011 மே 21தான் தீர்ப்பு நாள் என்றார். நம்பியவர்கள் தங்கள் சேமிப்பை விளம்பரத்தில் கொட்டினார்கள். அந்த நாளும் போனது! அக்டோபர் 21 என்று தவணை மாற்றினார், அதுவும் பொய்த்தது. 2012இல் தவறை ஒப்புக்கொண்டார். போன பணம்?

கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது அவர்களது வேதமே (உபாகமம் 18:22). மறுமை நாளின் அறிவு அல்லாஹ்விடமே உள்ளது என்கிறது திருக்குர்ஆன் (31:34).

இதை வைத்து கிறிஸ்தவ அண்டை வீட்டாரைக் கேலி பேசாதீர்கள். தேசிங்கு ராஜாவுக்காக மகமத்கான் உயிர்விட்ட கதையைப் பாடும் மண் இது. தவிர, கடை திறக்க நாள் கேட்டு, பால்கிதாபு பார்க்கும் ஹஜ்ரத்தின் வாசலில் நிற்பவர் யார்? நம்மவர்தானே! குறிகாரனிடம் போய்க் கேட்டவனின் தொழுகை 40 நாட்கள் ஏற்கப்படாது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது (முஸ்லிம்) அவருக்கும் சேர்த்துத்தான்.