கேம் எல்லாம் ஒன்றல்ல

ஏச்சு விழும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

"போன் கேம் எல்லாம் ஷைத்தான்ட வேலை" என்று ஒரே அடியாகச் சொல்பவர்களும், பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று ஃப்ரீ ஃபயரோடு விட்டுவிடுபவர்களும் எனக்கு ஒரே ஆட்களாகத்தான் தெரிகிறார்கள். பிள்ளை என்ன விளையாடுகிறது என்று இரண்டு பேருமே எட்டிப் பார்ப்பதில்லை.

பார்ப்பவருக்கு வேறு வகையும் தெரியவரும். 1993இல் அமெரிக்காவில் மில்லர் சகோதரர்கள் இருவர் 'மிஸ்ட்' என்றொரு விளையாட்டைச் செய்தார்கள். அதில் துவக்கு கிடையாது, ஓடும் கடிகாரமும் கிடையாது. ஆளில்லாத ஒரு தீவு, ஓடாமல் நிற்கும் இயந்திரங்கள். எது எதோடு இணைந்திருக்கிறது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதிப் பார்க்க ஒரு வெற்றுக் கொப்பியையும் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள்!

அதில் ஓரிடத்தில் மரங்களுக்கு நடுவே தண்ணீர்க் குழாய்கள் பின்னிக் கிடக்கும். எந்த வால்வைத் திருப்பினால் தண்ணீர் எந்த இயந்திரத்துக்குப் போகும்? உன்னிச்சைக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? மேல் வாய்க்காலை அடைக்காமல் கடைசி வயலுக்குத் தண்ணி ஏறாது என்று வட்டவிதானையிடம் போய்த்தான் படிக்க வேண்டுமா? இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்த இடத்தை நம்மட பிள்ளை தாண்டும்.

இந்தப் பழைய விளையாட்டுகளை இப்போது புதுப் படங்களோடு திரும்பச் செய்கிறார்கள். என் சண்டை இங்கேதான். 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' 2009இல் புதுசாக வந்தபோது ஒரு குறிப்புப் பட்டனையும் சேர்த்தார்கள். அமத்தினால் சாடையாகச் சொல்லும். இன்னும் அமத்தினால் இன்னும் வெளிப்படையாகச் சொல்லும். 'மிஸ்ட்' 2020இல் புதுசாக வந்தபோது செய்தது நேர் எதிர். விரும்பினால் புதிர்களின் விடைகளை மாற்றிப்போட்டு விளையாடலாம்; யூடியூபில் பார்த்து வைத்த இலக்கம் அங்கே வேலை செய்யாது. 1997இல் வந்த 'ரிவன்' 2024இல் திரும்பி வந்தபோது சில புதிர்களையே மாற்றிவிட்டார்கள். பழசை முடித்தவனும் மறுபடி மண்டையை உடைக்க வேண்டும். புதுப்பிப்பது என்றால் இப்படிப் புதுப்பிக்க வேண்டும்.

குறிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. 'மங்கி ஐலண்ட்' இரண்டாம் பாகத்தில் ஒரு குரங்கையே ஸ்பேனராகப் பிடித்துப் பம்பைத் திருக வேண்டும். ஒரு வகை ஸ்பேனருக்கு இங்கிலீஷில் 'மங்கி ரெஞ்ச்' என்று பெயராம், அதுதான் பகிடி. அந்தச் சொல் தெரியாத பிள்ளை ஆயுசுக்கும் யோசித்தாலும் விடை வராது. அங்கே குறிப்புக் கொடுப்பதுதான் நியாயம். யோசித்தால் வரக்கூடிய இடத்திலும் கொடுப்பதுதான் அநியாயம்.

அந்த அநியாயத்தை டியூஷன் என்ற பெயரில் காசுக்குச் செய்கிறவர்கள் நாம். ஸ்கொலர்ஷிப் பிள்ளைக்கு மொடல் பேப்பரையும் விடையையும் ஒன்றாகக் கொடுக்கிறோம். கேள்வியில் இலக்கத்தை மாற்றிவிட்டால் பிள்ளை பேனையை வைத்துவிட்டு நம்மட முகத்தைப் பார்க்கிறது. மூத்தம்மாமார் ஒரு நொடி போட்டால் அடுத்த நாள் வரைக்கும் விடையைச் சொல்லமாட்டார்கள். அவர்கள் எந்த ட்ரெய்னிங் கொலேஜுக்கும் போனவர்கள் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வாப்பாமார் அனுப்பிய லெப்டொப் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. வருகிற லீவில் இப்படி ஒரு கேமைப் போட்டு, பக்கத்தில் ஒரு கொப்பியையும் பென்சிலையும் வையுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். விடை தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். அதுதான் கஷ்டம்.

ஏச விரும்புகிறவர்கள் கொமெண்டில் ஏசலாம். அதற்கு முதல் உங்கட பிள்ளைட போனில் என்னென்ன கேம் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.