விளக்கடியில் வளர்ந்த நாற்றும் வெளிநிலத்து இரவும்

சென்ற கார்த்திகை மாதத் தொடக்கத்தில் நிலக்கோட்டைத் தாலூக்காவிலுள்ள ஒரு கிராமத்தில் செவ்வந்திக் கொல்லை ஒன்றைப் பார்க்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். அரை ஏக்கர் நிலத்தில் ஐப்பசி மாதம் நட்ட செடிகள். ஒரு சாண் உயரங்கூட வளரவில்லை. அதற்குள் ஒவ்வொரு நுனியிலும் மிளகளவு மொட்டு நின்றது. பயிரிட்டவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர்; வாரத்துக்கு உழுபவர். வெளியூர் நாற்றங்காலிலிருந்து கடனுக்குப் பணம் வாங்கி நாற்றுக் கொணர்ந்தவர். "நாற்றே மோசம், ஐயா" என்றார் அவர். பக்கத்திலிருந்தவர் உரத்தைக் குறை கூறினார். மற்றொருவர் கண்ணேறு என்றார்.

நாற்று மோசமன்று. அதே தட்டுக்களிலிருந்து அதே வாரத்தில் நாற்று வாங்கிய வேறொரு குடியானவரின் செடிகள் இரண்டு மைல் தூரத்தில் முழங்கால் உயரம் நின்று, பக்கக் கிளைகள் விட்டு, மொட்டின் சுவடே இல்லாமல் செழித்திருந்தன. இருவருக்கும் உள்ள வித்தியாசம் யாதென்று விசாரித்தபொழுது தெரிந்தது இது: முதலாமவர் நாற்றுத் தட்டுக்களை வெயிலுக்குப் பழக்குவதற்காகத் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் பத்து நாள் வைத்திருந்தார். பகலில் இளவெயில் காட்டினார், நீரையும் அளவாகவே விட்டார். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பத்து இரவுகளும் தாழ்வாரத்தில் விளக்கில்லை. நட்ட பின்னர் நிலத்திலும் விளக்கில்லை. இரண்டாமவர் நாற்று வந்து இறங்கிய அன்றிரவே தட்டுக்களின்மேல் விளக்குத் தொங்கவிட்டார். நட்ட பின்னர் கொல்லையிலும் ஒரு மாதம் தொடர்ந்தார்.

இதன் காரணத்தைக் குடியானவர்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டுமென்பது என் விருப்பம். விளங்காதவரை, விளக்குப் போடுவது யாரோ சொன்ன ஒரு சடங்காகவே நின்றுவிடும்.

பயிர்களுள் சில, பகற்பொழுது சுருங்கி இரவு நீளும்பொழுதே பூக்கும் இயல்புடையவை. நம் மானாவாரி மொச்சை இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் அது பூப்பது பனிக்காலத்திலேயே. "பனி கண்டு பூக்கிறது" என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது காண்பது பனியையன்று, நீண்ட இரவையே. பசுந்தாளுரத்துக்காக விதைக்கும் சணப்பையும் அவ்விதமே. பகல் நீண்ட பருவத்தில் ஆளுயரம் வளரும் பயிர், குறும்பகல் பருவத்தில் விதைத்தால் குட்டையாய் நின்று பூத்துவிடும், தழையும் குறையும்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் நம் ஜில்லாவாருக்கு ஒரு தனி ருசி உண்டு; புகையிலைச் செடியல்லவா அதற்கு வழிகாட்டிற்று! அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்கருகே ஆர்லிங்டன் பண்ணையில் 'மேரிலண்ட் மாமத்' என்றொரு புகையிலை ரகம் கோடையில் வெளிநிலத்தில் பத்தடிக்கு மேலும் வளர்ந்து பூக்காமலே நின்றது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வளர்த்தால் சிறு செடியிலேயே பூத்தது. கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1918-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இருட்டறை ஒன்று கட்டி, தொட்டிச் செடிகளை மாலையில் உள்ளே வைத்தும் காலையில் வெளியே எடுத்தும் பார்த்தனர். பகலைக் குறைத்த செடிகள் பூத்தன. அவர்களுடைய முடிவு 1920-ல் அச்சாயிற்று. (வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நடந்துவரும் நம் பகுதியில் பயிராகும் ரகங்கள் மேற்படி ரகத்தைப்போல் பகலளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல, புகையிலைக் குடியானவர்கள் இதைப் படித்து விளக்கு வாங்கப் போகவேண்டாம்.)

அவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்னரே டூர்னுவா என்னும் பிரெஞ்சுக்காரர் கஞ்சாச் செடியில் இதே விஷயத்தைக் கண்டார். குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் முளைத்த செடிகள் சில இலைகளோடு பூத்துவிட்டன. இரவு நீண்டிருப்பதே அதற்குக் காரணமென்று 1914-ல் எழுதினார். முதல் உலக யுத்தத்தில் அவர் மாண்டதனால் ஆராய்ச்சி தொடரவில்லை. அச்செடியின் பெயரை எழுதிவிட்டபடியால் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை: சர்க்கார் உத்தரவின்றி அதைப் பயிரிடுவது 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். தம் நிலத்தில் அது சட்டவிரோதமாய்ப் பயிராவதை அறிந்த நிலச்சொந்தக்காரரும், தம் கிராமத்தில் அறிந்த உத்தியோகஸ்தரும் உடனே தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

பின்னர் 1938-ல் ஹாம்னர், பானர் என்பவர்கள் மருளூமத்தை என்னும் களையை வைத்துச் சோதித்து, செடி அளப்பது பகலையன்று, இடையறாத இருளையே என்று காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினாலும் அவ்விரவு செடிக்கு இரண்டு குறுகிய இரவுகளாகிவிடுகிறது. நடு இரவில் விளக்குப் போடுவதன் தத்துவம் முழுவதும் இதில் அடங்கிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தேகால் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே ஆனி மாதத்து மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிஷத்தைச் சற்றே தாண்டும். மார்கழியின் மிகக் குறுகிய பகல் 11½ மணி. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று நாழிகைதான். வெட்டுமலருக்காக அயல்நாடுகளில் உண்டாக்கிய செவ்வந்தி ரகங்கள் பலவற்றிற்குப் பகல் 13½ மணிக்குக் குறைந்தாலே மொட்டு வளரத் தொடங்கிவிடும். ஆகையால் அந்த ரகங்களுக்கு நம் சமவெளியில் வருஷம் முழுவதும் பூக்கும் பருவமே. வளரும் பருவமென்று ஒன்று இயற்கையாக இல்லை. நாம் விளக்கினால் உண்டாக்கிக் கொடுத்தால்தான் உண்டு. சீமையில் எழுதிய புத்தகங்கள், கோடையில் வெளியே நட்டால் தானே வளருமென்று சொல்லுகின்றன. அது அவர்களுடைய கோடைக்குச் சரி. நம் சித்திரை வெயிலின் கடுமையைக் கண்டு பகலின் நீளத்தை மதிப்பிடுவது தவறு.

இந்தத் தவற்றை நானும் செய்தவன். என் பொறுப்பிலிருந்த செயல்விளக்கப் பாத்தி ஒன்றில் வைகாசி மாதம் இத்தகைய நாற்றை நட்டு, பகல் நீண்டுவருகிற காலமென்ற தைரியத்தில் விளக்கை விட்டுவிட்டேன். பார்க்க வந்தவர்களுக்கு ஒரு சாண் செடியில் ஒற்றைப் பூவைக் காட்ட நேர்ந்தது.

செய்யவேண்டிய முறை வருமாறு. நாற்று வாங்கும்பொழுதே இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: துண்டு வேர்விட வைத்தது எந்தத் தேதி? அன்று முதல் எத்தனை இரவு விளக்கு எரிந்தது? இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கும் நாற்றங்காலில் வாங்கவேண்டாம். தட்டில் வேர் சுருண்டு, தண்டு மரத்துப்போன கிழட்டு நாற்று, விளக்கில் வளர்ந்ததாயினும், நட்டவுடன் மொட்டுக்கே விரையும். வெண்மையான இளவேர் மண்கட்டியைப் பற்றியிருக்கும் பதமே நல்லது. வெயிலுக்குப் பழக்க ஏழு முதல் பத்து நாள் போதும். முதலில் காலை வெயில் மட்டும் காட்டி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, நீர் பாய்ச்சும் இடைவெளியையும் சிறிது நீட்டவேண்டும். ஆனால் இலை வாடிச் சுருளும்வரை காயவிடலாகாது. இப்பழக்கம் பகலுக்குரியது. இரவில் அத்தட்டுக்கள் விளக்கடியிலேயே இருக்கவேண்டும். கூடாரத்தின் கடைசி வரிசையில், வெளிச்சம் எட்டாத மூலையில் தட்டுக்களைத் தள்ளி வைப்பது தாழ்வாரத்து இருளுக்குச் சமமே.

நடவு முடிந்த அன்றிரவு முதல் நான்கு வாரம், தழை மெதுவாக வளரும் குளிர்மாதங்களில் ஐந்து வாரம், இரவு 10 மணி முதல் 2 மணி வரை வெளிச்சம் வேண்டும். எவ்வளவு வெளிச்சமென்று கேட்பவர்களுக்குக் கருவி வேண்டாத ஒரு சோதனை சொல்லுகிறேன்: செடியின் நுனி மட்டத்தில் பஞ்சாங்கத்தைப் பிடித்தால் எழுத்துச் சிரமமின்றிப் படிக்கவேண்டும். இரண்டு விளக்குகளுக்கு நடுவிலும் வரப்போரத்திலும் இச்சோதனையைச் செய்க. முன்கூட்டி மொட்டு வைக்கும் செடிகள் எப்பொழுதும் அங்கேதான் இருக்கும். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தைவிடச் சிவப்புக் கலந்த வெளிச்சம் இக்காரியத்துக்கு ஏற்றது. மின்சாரம் ஓர் இரவு தவறினால் பதறவேண்டாம். சில இரவுகள் தொடர்ந்து தவறினால் நுனியில் மொட்டுக் கருக்கொள்ளும். செடி வேர்பிடித்து மூன்று நான்கு வாரத்தில் நுனி கிள்ளி, கிளைகள் ஒரு சாண் நீண்ட பின்னர் விளக்கை நிறுத்தலாம். நிறுத்திய நாள் தொடங்கி ரகத்துக்குத் தக்கபடி எட்டு முதல் பத்து வாரங்களில் பூ வெட்டுக்கு வரும். நிலக்கோட்டைச் சந்தைக்கு எந்த வாரம் பூ வேண்டுமென்று பின்னோக்கி எண்ணி நடவு நாளைக் குறிக்கவேண்டியது இதனாலேயே.

மொட்டு வைத்துவிட்ட கொல்லையை உடனே உழுதுவிடவேண்டாம். மொட்டோடு நுனியைக் கிள்ளி, தழைச்சத்துக் கொடுத்து, மூன்று நான்கு வாரம் விளக்கெரித்தால் இளஞ்செடிகளில் பக்கக் கிளைகள் எழும். முழு மகசூல் கிடைக்குமென்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த அரை ஏக்கரில் இதைத்தான் செய்யச் சொன்னேன்.

அங்கேதான் உண்மையான தடை எதிர்ப்பட்டது. மின் இணைப்பு நிலச்சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது. கம்பி இழுக்க அவர் சம்மதம் வேண்டும். பம்புசெட்டுக்குரிய மின்சாரத்தை விளக்குக்கு எடுக்கலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, வேண்டுமானால் தனி இணைப்புக்கு மனுப் போடவேண்டியவரும் அவரே. பூவில் பாதிப் பங்கை ஏற்கும் சொந்தக்காரர், விளக்குச் செலவு குடியானவனுடையது என்று ஒதுங்கினால், பயிர் நட்ட அன்றே பாதி தோற்றதாகும். இப்பத்திரிகையை வாசிக்கும் நிலச்சுவான்தார்களில் சிலருக்கு இது கசக்கலாம். ஆயினும் விளக்கில்லாமல் இந்த ரகங்களை வாரத்துக்கு விடுவது, நீரில்லாத நிலத்தில் வாழை வைக்கச் சொல்வதை ஒக்கும் என்பதே என் அபிப்பிராயம். சம்மதம் கொடுக்க மனமில்லாதவர்கள், கோ 1, எம்.டி.யு. 1 முதலிய நம் நாட்டு ரகங்களை ஆனி, ஆடியில் கன்று பிரித்து நடும்படி குடிகளுக்குச் சொல்லட்டும். பூவின் விலை குறைவாயிருக்கலாம். கடன் வாங்கி நாற்றுத் தேட வேண்டியதில்லை.

பஞ்சாயத்தாருக்கும் ஒரு சங்கதி உண்டு. விளக்கு பூப்பைத் தடுக்குமானால், தெருவிளக்கும் தடுக்குமல்லவா? சாலையோரத்துக் கொல்லைகளில் விளக்குக் கம்பத்தைச் சுற்றி வட்டமாக மொச்சை பூக்காமல் கொடியோடி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கம்பத்தை அகற்றச் சொல்லவில்லை. வழிப்போக்கருக்கு வெளிச்சம் வேண்டும். வயற்பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்தால் போதும். மனுக் கொடுக்கும் குடியானவரை வீணாக வம்பு பேசுகிறவரென்று திருப்பி அனுப்பவேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

மேற்படி அரை ஏக்கர்க்காரரின் நிலச்சொந்தக்காரர் இரண்டு நாள் யோசித்துக் கம்பி இழுக்கச் சம்மதித்தார். தை கடைசியில் ஓரளவு பூ வெட்டினார்கள். நாற்றுக்கடன் முழுதும் அடையவில்லை. இவ்வருஷம் நாற்று வருமுன்பே கொல்லையில் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள்.