இரண்டாவது கார் யாருக்கு, எதற்கு?

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, நகரத்தின் வீட்டு விலையும் வாடகையும் தாங்கமாட்டாது, வத்தளை, ஹெந்தளை, இரத்மலானை முதலாம் புறநகர்களிற் குடியேறியிருக்கின்றன. அங்கே வீடு அகன்றது, முற்றம் கிடைத்தது, தென்னை ஒன்றிரண்டும் கிடைத்தன. ஆனால் குடிபுகுந்த மூன்றாம் மாதத்திலேயே குடும்பத்தினுள் ஒரு வழக்குத் தொடங்கிவிடுகின்றது. “இன்னொரு கார் வேண்டும்” என்பதே அவ்வழக்கு.

இதனை ஆடம்பர ஆசையென்று எள்ளி நகையாடுவோர் உளர். நாம் அவர்களோடு சேரமாட்டோம். காலி வீதியின் ஓரத்தில் வாழ்ந்தபோது ஒரு கார் போதுமாயிருந்தது உண்மையே. படியிறங்கினால் பஸ், ஐந்து நிமிட நடையிற் புகையிரத நிலையம், சந்தை, மருந்துக்கடை, கோயில் யாவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில். புறநகரிலோ, காலை ஆறரை மணிக்குக் குடும்பத்தலைவர் காரை எடுத்துக்கொண்டு நீர்கொழும்பு வீதியின் நெரிசலுட் புகுந்துவிட்டால், இரவு ஏழு மணி வரை வீட்டிலுள்ளோர் கட்டுண்டோராகின்றனர். பிள்ளையின் பாடசாலை ஒரு திக்கில்; முதிய தாயின் வைத்தியர் மற்றொரு திக்கில்; மனைவியின் உத்தியோகம் பிறிதொரு திக்கில். எனவே கேள்வி நியாயமானதே. விடைதான் அவசரத்திற் பிறக்கின்றது.

நாடு கற்பித்த பாடம்

எந்தக் காரை வாங்குவது என்று ஆராயுமுன், இந்நாட்டில் கார் வைத்திருந்தோர் பட்ட பாட்டைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, பழைய பிரித்தானியக் கார்களையே ஒட்டியும் தட்டியும் ஓட்டினோம். 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. அப்பொழுது மக்களைச் சுமந்தவை புதிய கார்கள் அல்ல. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொரிஸ் மைனருமே. காபுரேற்றருட் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின அவை. அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரம் அதனைத் தாங்கிற்று. நுட்பம் மிக்க புதிய இயந்திரங்கள் தாங்கியிரா.

அதன்பின் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாந் திகதிவரை கதவு திறக்கவில்லை. இடையில் 2022இல் நாடே கடனிறுக்க இயலாது நின்றது. பெற்றோல் விலை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லீற்றருக்கு 470 ரூபாவாயிற்று. ஜூலையில் வந்த கியூ.ஆர். முறைப்படி காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே அளந்து கொடுக்கப்பட்டன. வீட்டிலே கார் இருந்தும் துவிச்சக்கர வண்டியில் அலுவலகம் சென்றோர் எத்துணைப் பேர்!

இவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய முடிவு ஒன்றுண்டு. இரண்டாவது வண்டி முதல் வண்டியின் நகலாக இருத்தலாகாது. இரண்டும் ஒரே எரிபொருளை நம்பி, ஒரே அளவினவாய், ஒரே லீசிங் கடனில் நின்றால், ஒரு நெருக்கடி வரும்போது இரண்டும் ஒரே நாளில் வாசலில் நின்றுவிடும்.

கணக்குப் புத்தகம்

கார் விற்பனையாளரிடம் செல்லுமுன், ஓர் அப்பியாசப் புத்தகத்தை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு வீட்டார் யாவரும் செய்யும் பயணங்களை எழுதுங்கள்: யார், எங்கே, எத்தனை கிலோமீற்றர், எந்நேரம். பெரும்பாலான வீடுகளில், முதற் காருக்கு அப்பாற்பட்ட தேவை நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றரைத் தாண்டாது என்பதே நம் எண்ணம்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு 15 கிலோமீற்றர், மாதம் 25 நாள் எனின் 375 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சிறுகாருக்கு 25 லீற்றர் செல்லும். லீற்றர் 300 ரூபா எனக் கொண்டால் 7,500 ரூபா. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ரயர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மாதம் 10,000 ரூபா ஒதுக்குவோம். இனி, காருக்காக 30 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 14 வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 69,800 ரூபா. மொத்தம் 87,300 ரூபா. ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் பதினொன்றே முக்கால் இலட்சத்தைத் தாண்டிவிடும். அதே 375 கிலோமீற்றரை முச்சக்கர வண்டியில், கிலோமீற்றருக்கு 100 ரூபா கொடுத்துச் சென்றாலும் 37,500 ரூபாவே ஆகின்றது! ஐந்தாண்டு முடிவிற் கார் கையில் மிஞ்சும் என்பது மெய்யே. ஆனால் இறக்குமதி திறந்திருக்கும் காலத்திற் பழைய காரின் விலை ஏறும் என்று எண்ணிக் கடன்படுதல் மதியன்று. 2020க்கும் 2025க்கும் இடையில் விலை ஏறியது கதவு அடைபட்டிருந்தமையால்.

எனினும், கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. நள்ளிரவில் மூச்சிழுப்புக் கண்ட பிள்ளைக்கு முச்சக்கர வண்டி கிடைக்குமா? அடைமழையிற் கிடைக்குமா? இவற்றைக் காசால் அளத்தல் அரிது. இவற்றினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. புறநகருக்கு வந்தபின், போக்குவரத்து இன்மையால் உத்தியோகத்தை விட்டு வீட்டில் இருந்துவிட்ட படித்த பெண்கள் நம்மிடையே இருக்கின்றனர். ஆசிரியை, கணக்காளர், தாதி எனப் பல்லாண்டு பயின்ற தொழில், ஒரு பஸ் இல்லாமையால் அழிகின்றது. அத்தகைய வீட்டில் இரண்டாவது வண்டி ஒரு சம்பளத்தை மீட்டுத் தருகின்றது. அங்கே நாம் மேலே போட்ட கணக்கே மாறிவிடும். ஆகவே, “அயலவர் வாங்கினார்” என்பதற்காகவோ, மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகக் கேட்டனர் என்பதற்காகவோ வாங்கும் கார் வேறு. ஒரு பெண்ணின் தொழிலைக் காப்பதற்காக வாங்கும் கார் வேறு. முன்னதை வேண்டாம் என்போம். பின்னதை வாங்குக என்போம். அவ்வாறு வாங்கினால், அதன் சாவியும் பதிவும் அப்பெண்ணின் பெயரிலும் கையிலும் இருத்தல் வேண்டும். அவரைப் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லச் சாரதி தேடுவதாயின், வாங்கிய பயன் பாதியாய்ப் போய்விடும்.

எதனைத் தெரிவது?

ஒருவர் மட்டும் பயணஞ் செய்வதாயின் ஸ்கூட்டர் போதும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் இதனை நெடுங்காலமாக அறிவர். பிள்ளைகளும் முதியோரும் உளரெனின், 800 சீ.சீ. அல்ரோவோ 660 சீ.சீ. வாகன் ஆரோ போன்ற சிறுகார் தக்கது. இவற்றின் உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். மூலைமுடுக்கு மெக்கானிக்கும் இவற்றை அறிவார். ஆனால் வாகன் ஆரின் ஹைபிரிட் என்பது இயந்திரத்துக்குக் கைகொடுக்கும் சிறு உதவியே என்பதை அறிந்து வாங்குக. அக்குவா, பிறியஸ் போன்ற முழு ஹைபிரிட்கள் நெரிசலில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் முதற் காருக்கே ஏற்றவை. அவற்றின் பெரிய பற்றரி மூப்படைந்திருந்தால், பெற்றோலில் மிஞ்சியதெல்லாம் அதற்கே போய்விடும்.

மின்சாரக் காரைப் பற்றி இரு கருத்துண்டு. இரண்டாவது காருக்கு அது மிகப் பொருத்தமென்பதே நம் கருத்து. குறுந்தூரம், தெரிந்த பாதை, இரவிலே வீட்டு முற்றத்தில் மின்னேற்றம். தொடர்மாடியில் இயலாத இது புறநகரில் இயலும். எனினும் பழைய நிசான் லீஃபை மலிவென்று பாய்ந்து வாங்கற்க. அதன் தொடக்ககால 24 கிலோவாற்மணிப் பற்றரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது. வெப்பநாட்டில் அது விரைந்து தேய்ந்தது. கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் எத்தனை எஞ்சியுள்ளன என்று எண்ணிப் பார்த்தே விலை பேசவேண்டும். கூரையிற் சூரியக் கலம் உண்டு, ஆதலால் மின்வெட்டிலும் ஓடுவேன் என்போரும் ஒன்று அறிக: மின்வலையோடு இணைந்த சாதாரண அமைப்பு, தனிச் சேமிப்புப் பற்றரி இல்லாவிடின், மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாடு இது. முதற் கார் பெற்றோலிலும் இரண்டாவது மின்சாரத்திலும் ஓடுவதாயின், ஒன்று நின்றாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

பழைய கார் வாங்குவோர் பதிவுப் புத்தகத்தைக் கண்ணால் மட்டும் பாராது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு ஒப்பிடுக. லீசிங் நிறுவனம் ‘முழு உரிமையாளர்’ எனப் பதிவாகியிருப்பின், அக்கடன் தீராமல் வண்டி உங்களுடையதன்று. முந்திய உரிமையாளர் கையொப்பமிட்ட வெறுந்தாளை மட்டும் கைமாற்றி ஓட்டும் வழக்கத்துக்கு இடங்கொடாதீர். யப்பானிலிருந்து வந்த காருக்கு ஏலத்தாளைக் கேளுங்கள். ஓடிய தூரம் அதில் எழுதப்பட்டிருக்கும். 2016 மே வெள்ளத்தையும், 2025 நவம்பர் ‘டித்வா’ புயல் வெள்ளத்தையும் களனிக் கரையோர் மறந்திரார். நீரில் மூழ்கி எழுந்த கார், துடைத்து மினுக்கப்பட்டுச் சந்தைக்கு வரும். இருக்கைப் பட்டியை முழு நீளத்துக்கு இழுத்துச் சேற்றுக்கறை உண்டோ என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள்.

கமக்காரருக்கு ஒரு சொல்

நிற்க. இது கொழும்பு உத்தியோகத்தரின் கவலை மட்டுமென்று வன்னியிலும் வலிகாமத்திலும் உள்ள கமக்காரர் எண்ணவேண்டா. கொழும்பிலுள்ள மகனின் இரண்டாவது கார், ஊரிலுள்ள தகப்பனின் தோட்டக்காணியில் ஈடாக வந்து முடிவதை நாம் கேள்விப்படுகின்றோம். தாயின் தாலிக்கொடியும் அடகுக்கடைக்குப் போகின்றது. கமக்காரனின் இரண்டாவது வண்டி அவனுடைய லான்ட் மாஸ்ரர் உழவு இயந்திரமே. அது நிலத்தை உழும், நெல்லை ஏற்றும், அயலானுக்குக் கூலிக்கு ஓடித் தன் கடனைத் தானே கட்டும். மகனின் காரோ ஒவ்வொரு மாதமும் கேட்கும். காணியை விற்றுக் காரை வாங்கலாம். காரை விற்றால் அக்காணி திரும்பி வராது. பெற்றோர் இதனை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவர். ஆதலாற் பிள்ளைகளே உணர்ந்து, அக்கேள்வியைக் கேளாதிருத்தல் கடமையாகும்.

அரசின் பங்கு எங்கே?

இறுதியாக, இவ்விடயத்தைக் குடும்பத்தின் தனிக் கணக்காக மட்டும் விட்டுவிடுதல் தகாது. புதிதாக இறக்குமதியாகும் காரின் விலையிற் பெரும்பகுதி அரசுக்குச் செல்லும் வரி. உற்பத்தி வரியின் மேல் நூற்றுக்குப் பதினெட்டுப் பெறுமதி சேர் வரியும் உண்டு. இவ்வளவையும் கொடுத்து ஒரு குடும்பம் இரண்டாவது காரை வாங்குவதேன்? புகையிரத நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஓர் இணைப்பு பஸ் இல்லை. இருட்டிய பின் உள்வீதிகளில் எந்த பஸ்ஸும் இல்லை. பிள்ளை நடக்க நடைபாதை இல்லை. பொதுப் பணத்தாற் செய்யவேண்டியதைச் செய்யாமையால், ஒவ்வொரு வீடும் தன் பணத்தாற் செய்கின்றது. அதனால் வீதி மேலும் நெரிகின்றது. அந்நியச் செலாவணி மேலும் கரைகின்றது.

வத்தளைப் பக்கத்துக்கு அண்மையில் ஹுணுப்பிட்டி நிலையம் இருக்கின்றது. அங்கு நிற்கும் ஒவ்வொரு புகையிரதத்துக்கும் ஒரு சிறு பஸ் இணைந்து ஓடினால் எத்தனை வீடுகளில் அந்த வழக்கே எழாது! 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சபைகள் இருக்கின்றன, உறுப்பினர் இருக்கின்றனர். கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் வாழ்வோருக்கும் இதே குறையுண்டு. கூட்டாக மனுக் கொடுப்பதிலும் சபை அமர்விற் கேள்வி எழுப்புவதிலும் படித்தவர்கள் முன்னிற்க வேண்டும்.

அன்பர்களே! வேண்டியவர் வாங்குக, அளந்து வாங்குக, சிறிதாக வாங்குக, ஊர்க்காணியைத் தொடாமல் வாங்குக. வாங்கிய பின்னரும் பஸ்ஸுக்காகக் குரல் கொடுப்பதை நிறுத்தாதீர். கார் வாங்க இயலாத அயல்வீட்டுப் பெண்ணும் நாளை காலை வேலைக்குப் போகவேண்டும்.