ஒரே மெட்டு எல்மோர்?

எல்மோர் ஜேம்ஸ்னு சொன்னாலே, "ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிச்ச ஆளுதானே?" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

1951-ல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் பதிவான 'டஸ்ட் மை புரூம்' பாட்டின் ஆரம்பத்தைத்தான் பிறகு பல பாட்டுகளில் வைத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஓடுற சரக்கைத்தானே கம்பெனிக்காரனும் கேட்பான்? (பி.காம் புத்தி, மன்னிக்கவும்!)

ஆனா 1959-ல் சிகாகோவில் பதிவான 'தி ஸ்கை இஸ் கிரையிங்' கேளுங்க. அவசரமே இல்லை. கம்பி மேல் ஸ்லைடு நகரும்போது, அழுவது கிட்டாரா அவரான்னு பிரிக்க முடியாது. ரேடியோ ரிப்பேர் தெரிந்த மனுஷன். அந்தக் கரகரப்பு தற்செயல் இல்லை என்பது என் கட்சி.

1963-ல் மாரடைப்பில் இறந்தபோது வயது 45. அவருடைய 'இட் ஹர்ட்ஸ் மீ டூ' ஹிட்டானது 1965-ல். அதையும் கேட்டுட்டு வந்து சண்டை போடுங்க :-)