கம்ப்யூட்டர் பழுதா? முதலில் கணக்கைக் காப்பாற்றுவோம்



வரி, வாடகை, விலைவாசி என்று எழுதிப் பழகிய நாம் இந்த முறை கடை மேசைமேல் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறோம். நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இன்று நம்மில் பலருடைய பற்று வரவு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. சிட்டையும் பேரேடும் பரண்மேல் ஏறி வெகுநாளாகிவிட்டது.

நமக்கு நேர்ந்ததையே சொல்லிவிடுகிறோம். 2012 இல் வாங்கிய கம்ப்யூட்டர். 2019 புளி சீசனில் ஒருநாள் காலை பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஆனேக்கல் கடைக்குப் போகவேண்டிய சரக்கு வாசலில் வண்டியில் ஏறி நிற்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்டவேண்டுமானால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம் வரை வேண்டியதில்லை. எல்லையோரம் கடை வைத்திருக்கும் நமக்கு அத்திப்பள்ளியைத் தாண்டினாலே வெளிமாநிலம். அவசரத்தில் பழுது பார்க்கும் ஒருவரிடம் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்தோம்.

மறுநாள் "சரியாகிவிட்டது" என்று திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கிறது, நம் கணக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன் ஐயா, அப்படித்தான் எல்லோருக்கும் செய்வோம்" என்றார். நகல் வைத்திருந்தோமா என்றால் வைத்திருந்தோம், ஆனால் அது ஏழு மாதம் பழையது.

பில்களின் காகித நகல் இருந்தது. வசூலான தொகைகளை வரவு வைத்தது மட்டும் கம்ப்யூட்டரில்தான். பிறகென்ன, கணக்குப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சூளகிரி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை என்று கடை கடையாக ஏறி, "நீங்கள் நமக்கு எவ்வளவு பாக்கி?" என்று பாக்கி வைத்தவரையே கேட்கும் நிலை வந்தது. பெரும்பாலோர் தங்கள் நோட்டைப் பார்த்து நேர்மையாகச் சொன்னார்கள். அவர்களுக்கு என்றும் நன்றியுடையோம். இரண்டொருவர், "அதைத்தான் அப்போதே கொடுத்தாயிற்றே" என்றார்கள். உண்மையாகவே கொடுத்தும் இருக்கலாம். இல்லை என்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. போன பணத்தைவிட, இருபது வருடப் பழக்கத்துக்குள் சந்தேகம் நுழைந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

பின்னால் விவரம் தெரிந்த ஒரு பையன் சொல்லித்தான் நமக்கு விளங்கியது. விசிறி சுற்றியும் திரையில் ஒரு எழுத்துகூட வராத பழுதுக்கும், ஹார்டு டிஸ்கில் உள்ள கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதை அழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே பழுது 2023 இல் மீண்டும் வந்தது. மின் இணைப்பைப் பிடுங்கி, ரேம் என்னும் சிறு பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டினோம், திரை வந்தது. செலவு ஒன்றுமில்லை.

அரிசி மூட்டை வாங்கும்போது குத்தூசி போட்டுப் பார்க்காமல் பணம் கொடுப்போமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் "மதர்போர்டு போய்விட்டது" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து பையைத் திறந்துவிடுகிறோம். செலவில்லாததை முதலிலும் செலவு பிடிப்பதைக் கடைசியிலும் பார்ப்பதே சரியான வரிசை. நாம் கற்றுக்கொண்டதை அந்த வரிசையிலேயே தருகிறோம்.

உயிரே இல்லையா? முதலில் சுவர்ப் பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்து யு.பி.எஸ்.ஸை விலக்கி நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். யு.பி.எஸ். பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பெட்டிக்குப் பின்னால் உள்ள சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி. அதை மாற்றலாம், ஆனால் நாமே திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் அதிர்ச்சி தரும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

தேதி பின்னால் போகிறதா? மதர்போர்டில் உள்ள பொத்தான் போன்ற சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கும். விலை சொற்பம். ஆனால் கவனிக்காமல் விட்டால் பில்லில் தவறான தேதி விழும். தேதி தவறாக இருந்தால் ஜி.எஸ்.டி. தளம் போன்ற பாதுகாப்பான தளங்களும் திறக்க மறுக்கும். இன்டர்நெட் கோளாறு என்று எண்ணி இணைப்புக்காரரோடு சண்டை போட்டவர்கள் நம்மிலேயே உண்டு.

அரைமணி ஓடித் தானாக அணைகிறதா? பெரும்பாலும் சூடுதான் காரணம். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் கடையில் விசிறி அடைக்காமல் என்ன செய்யும்? மூட்டைக்குப் பக்கத்தில், தரையில், சுவரை ஒட்டிக் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். தூசியை நீக்கிய பிறகும் அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ்., அல்லது மதர்போர்டில் உருளை வடிவில் நிற்கும் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் உலகம் முழுவதும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் இப்படிக் கெட்டன. பெரிய பெயருள்ள பெட்டி என்பதால் கெடாது என்பதில்லை.

உள்ளே "டிக், டிக்" என்று சத்தம் வருகிறதா, ஃபைல் திறக்க வெகுநேரம் ஆகிறதா? இங்கேதான் எச்சரிக்கை. இது ஹார்டு டிஸ்க் சாகும் குரலாக இருக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டு அணைத்துச் சோதிக்காதீர்கள். உடனே நிறுத்தி, விஷயம் தெரிந்தவரைக் கொண்டு முதலில் கணக்கை நகல் எடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். ஓசூரில் இல்லாவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கணக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

இது நம் சௌகரியத்துக்காக மட்டும் சொல்வதல்ல. ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், விபத்தில் அழிந்தாலும் மீட்டெடுக்கும்படி முறையாக நகல் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய ஜி.எஸ்.டி. விதி 57 சொல்கிறது. "ஹார்டு டிஸ்க் போய்விட்டது சார்" என்று அதிகாரி முன் கையை விரிப்பது பதிலாகாது.

பழைய பெட்டியை எதுவரை கட்டி இழுப்பது என்ற கேள்வியும் வரும். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு பொதுவாக முடிந்துவிட்டது. ஏறத்தாழ 2018 க்கு முன் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11 க்குத் தகுதி பெறாது. ஆகவே அவற்றுக்குப் பேட்டரி, ரேம், எஸ்.எம்.பி.எஸ். வரை செலவு செய்யலாம், மதர்போர்டுக்குச் செலவு செய்வது கிழட்டு மாட்டுக்கு வெள்ளி மணி கட்டுவதுதான் என்பது நம் கருத்து. அந்தப் பணத்தைப் புதியதில் போடுவதே லாபம்.

பழுது பார்ப்பவர்களை எல்லாம் குறை சொல்வது நம் நோக்கமல்ல. நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தராசுக்கு முத்திரை இருப்பதுபோல இதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்றே சொல்கிறோம். ஆகவே உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, பெட்டியைக் கொடுக்கும்போது, "ஹார்டு டிஸ்கை எழுத்து மூலம் கேட்காமல் அழிக்கக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொண்டே கொடுங்கள். இரண்டு, எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். மூன்று, இரவு கல்லாவைப் பூட்டுமுன் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். இரண்டு பென் டிரைவை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுத்தால் இன்னும் நல்லது. கல்லாப் பணத்தைக் கடையில் விட்டுப் போகிறோமா?

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, இரண்டு வகை ரேம், ஒரு திரை கேபிள், ஹார்டு டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்க உதவும் ஒரு கேபிள், இவற்றைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைக்கலாம். எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதை மாற்றிப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மாதக் கூட்டத்தில் அரைமணி ஒதுக்கி, உறுப்பினர்கள் கொண்டுவரும் நகலைத் திறந்து காட்டச் சொல்லலாம். திறக்காத நகல் நகலே அல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நம் தந்தையார் கடையில் தீப்பிடித்தால் முதலில் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று சொல்வார். சரக்கை மறுபடி வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. பேரேடு பெட்டிக்குள் போய்விட்டது என்பதைத் தவிர இன்றும் அந்தப் பேச்சு மாறவில்லை. இதைப் படித்த இன்றே ஒரு நகல் எடுத்துவிட்டுக் கடையைச் சாத்துங்கள்.