கடைமடையைக் கேட்காத துறைமுகம்

நாகப்பட்டினத்தில் ஆழ்கடல் துறைமுகம் வந்துவிட்டால் டெல்டா நிமிர்ந்துவிடும் என்பதை எங்கள் பக்கத்தில் மறுத்துப் பேசுகிறவர் குறைவு. தேர்தலுக்குத் தேர்தல் அது வாக்குறுதியாக வருகிறது. தஞ்சாவூர் வணிகர்கள் கேட்கிறார்கள், நாகை இளைஞர்கள் கேட்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். சோழர் கப்பல் புறப்பட்ட ஊர் இப்படி மணல் மூடிக் கிடக்கலாமா, ஆழப்படுத்திப் பெரிய கப்பலை வரவழைத்தால் இன்னொரு சிங்கப்பூர் ஆகாதா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்குள் இருக்கும் ஊர்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் துறைமுகம் வந்தால் ஊர் செழிக்கும் என்ற நம்பிக்கைக்குக் காவிரிப் படுகையின் வரலாற்றில் ஆதாரம் இல்லை. அதன் மண்ணும் நீரும் அந்த நம்பிக்கைக்கு நேர் எதிராகவே பேசுகின்றன.

சோழரிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீவிஜய மன்னர்கள் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினார்கள். முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதி வைத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற ஆவணம் அதைத்தான் சொல்கிறது. அந்த வருவாய் கணக்கிடப்பட்டது நெல்லில். கடல் கடந்த அரசன் கட்டிய விகாரத்துக்கும் சோறு போட்டது காவிரி பாய்ந்த வயல்தான். வயல் முதலில் வந்தது. அதன் உபரி கரைக்கு வந்தது. அதைத் தேடிக் கப்பல் வந்தது. அந்தக் கப்பல்களுக்காக யாரும் ஆற்றைத் தோண்டவில்லை, கடலுக்குள் சுவர் எழுப்பவுமில்லை. திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் பிடித்ததும், அவர்களிடமிருந்து 1781இல் ஆங்கிலேயர் பிடித்ததும் இப்படிப்பட்ட துறையைத்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் துறை இன்னும் சுறுசுறுப்பானது. 1860-களின் தொடக்கத்திலேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் போட்டுவிட்டார்கள். தஞ்சை அரிசி இலங்கைக்குப் போனது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நீராவிக் கப்பல் போனது. அந்தக் கப்பல்களின் மேல்தளத்தில் போனவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களின் நிலமற்ற கூலிகள். கங்காணி அழைத்துப்போக, மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள். நாகப்பட்டினத்தில் அவர்களைத் தங்கவைக்க முகாமே இருந்தது. துறைமுகம் செழித்த காலம் என்று நாம் பெருமையோடு நினைவுகூரும் அதே காலத்தில், துறைமுகத்திலிருந்து கூப்பிடு தொலைவில் நாற்று நட்டவர்களுக்கு வயிறு நிரம்பவில்லை. செழிப்பு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தால் எதற்காகப் பெயர் தெரியாத காட்டுக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள்? துறைமுகத்தின் சரக்குக் கணக்கை ஊரின் நலக் கணக்காகப் படிக்கும் பிழை இங்கே தொடங்குகிறது.

ஊருக்கு நிலையான வேலை கொடுத்தது ரயில்வே பணிமனை. 1920-களின் இறுதியில் அது திருச்சிப் பொன்மலைக்குப் போனபோது நாகப்பட்டினம் இழந்தது பெரிது. 1985இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பற்றிய பிறகு சிங்கப்பூர்ப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. இத்தனை காரணங்களையும் விட்டுவிட்டு, ஆழம் இல்லாததால்தான் ஊர் நொடிந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆழப்படுத்திவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்தக் கப்பலில் எதை ஏற்றுவது? டெல்டாவின் சரக்கு நெல். குறுவையோ சம்பாவோ தாளடியோ, அறுத்த நெல்லின் பெரும்பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கி, சரக்கு ரயிலில் மற்ற மாவட்டங்களின் அரவைக்கு அனுப்புகிறது. அது ரேஷன் அரிசியாகித் தமிழ்நாட்டு வீடுகளில் உலையில் விழுகிறது. இதில் கப்பலுக்கு வேலையே இல்லை. விவசாயி தவிப்பது வேறு இடத்தில். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். காயவைக்கக் களம் போதாது, உலர்த்தும் இயந்திரம் இல்லை, வாங்கிய மூட்டையை வைக்கக் கூரை இல்லை. ஐப்பசி மழையில் திறந்தவெளிக் கிடங்கின் மூட்டைகள் முளைவிட்டு நிற்பதை டெல்டாவில் பார்க்காதவர் உண்டா? கூரை போட முடியாத நிர்வாகம் கடலுக்குள் அலைத் தடுப்புச் சுவர் கட்டித் தரும் என்று கைதட்டுகிறோம்.

ஏற்ற ஒன்றும் இல்லாத துறைமுகத்தில் இறக்கத்தான் முடியும். இறங்குவது நிலக்கரி. ஊகமாகச் சொல்லவில்லை, கண்ணெதிரே நடப்பதைச் சொல்கிறேன். நாகூரை ஒட்டி, புதுச்சேரி ஆட்சிப் பகுதியான வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கியது. ஆழமான துறைமுகம், ரயில் பாதை நேராக உள்ளே போகிறது, நவீன இயந்திரங்கள் இருக்கின்றன. நாகைக்காரர்கள் கேட்பதெல்லாம் சில கிலோமீட்டர் வடக்கே ஏற்கெனவே இருக்கிறது. முக்கியச் சரக்கு நிலக்கரி. வந்து இறங்கி, உள்மாவட்டங்களின் அனல்மின் நிலையங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் போகிறது. கட்டிய நிறுவனம் கடனில் மூழ்கியது. திவால் நடவடிக்கையில் 2023இல் அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டில் நாகூரும் திருமலைராயன்பட்டினமும் செழித்தனவா? கரித்தூசு வீட்டுக்குள் வருகிறது, மூச்சுத் திணறுகிறது என்று நாகூர் மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிவருகிறார்கள். ஐந்து மினாராக்களோடு நிற்கும் நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். அதன் உயரமான மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தார். அப்படிப்பட்ட ஊரின் மேல் நிலக்கரித் தூசு படிவதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் எல்லைக் கோளாறு ஒன்றும் இருக்கிறது. துறைமுகத்துக்கு உரிமம் கொடுத்து வருவாயில் பங்கு பெறுவது புதுச்சேரி அரசு. தூசைச் சுவாசிக்கும் நாகூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. வீட்டுவாசலில் நடப்பதைக் கேட்க வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. நகரத்தையும் துறைமுகத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று உலகெங்கும் பேசுகிறார்கள். இங்கே இரண்டு அரசுகளும் சேர்ந்து பொறுப்பேற்கும் ஏற்பாடுகூட இல்லை.

கரித்தூசோடும் முடியவில்லை. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. நரிமணம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து காரைக்கால் துறைமுகத்துக்குப் போகும் குழாய். எண்ணெய் கடலில் கலந்தது, மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் போராடிய பிறகுதான் குழாயை அகற்றும் முடிவு வந்தது. நரிமணம் ஆலையின் திறனை ஆண்டுக்கு 10 லட்சம் டன்னிலிருந்து 90 லட்சம் டன்னாக உயர்த்த 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அவ்வளவு எண்ணெய் காவிரிப் படுகையில் கிடையாது. கப்பலில்தான் வந்தாக வேண்டும். துறைமுகம் தனியாக வருவதில்லை. குழாய், ஆலை, அனல்மின் நிலையம் என்று ஒரு வரிசையே அதன் பின்னால் வருகிறது. மத்திய அரசின் சாகர்மாலா திட்டம் சீர்காழிப் பக்கம் ஒரு பெருந்துறைமுகத்தைக் குறித்து வைத்ததும் இந்த வரிசையை மனதில் வைத்துத்தான். கடலூர், நாகை மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோ கெமிக்கல் மண்டலமாக்க 2017இல் அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்து நின்றதால் 2020இல் கைவிட்டார்கள்.

அதே 2020இல் வந்ததுதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். டெல்டா பிழைத்தது என்று கொண்டாடினோம். சட்டத்தை முழுக்கப் படித்தவர்களுக்கு ஒரு விதிவிலக்கு தெரியும்: துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புக்கு இந்தச் சட்டம் தடையில்லை. வயலைக் காக்கும் சட்டத்திலேயே துறைமுகத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. துறைமுகம் யாருக்கும் தீங்கு செய்யாது என்ற பொது நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தால் இந்த வரியை எதிர்த்துப் பெரிய குரல் எழாமல் போயிருக்கும்!

இனி மணலும் உப்பும். சோழமண்டலக் கரையோரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே சுவர் கட்டினால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்துக்கு 1870-களில் சுவர் எழுந்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மீனவர் தெருக்கள் கடலுக்குள் போயின. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் முகத்துவாரத்தில் சுவர் கட்டினார்கள். நகரத்தின் கடற்கரையே காணாமல் போய், அரிப்பு வடக்கே தமிழ்நாட்டு மீனவக் கிராமங்கள் வரை ஏறியது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினால் அது அடுத்த ஊருக்கு நகரும். அங்கேயும் தூண்டில் வளைவு கேட்டு மனு எழுதுவார்கள். 2004 ஆழிப்பேரலையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகை மாவட்டத்துக்கு, கரையில் மணல்மேடு இருப்பதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உப்புதான் எனக்குப் பெரிய கவலை. கல்லணையில் பிரியும் காவிரியும் வெண்ணாறும் கிளை கிளையாகப் பிரிந்து கடைமடைக்கு வரும்போது தரை கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. மேட்டூரில் ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் கடைசியில் வந்து சேருவது இங்கேதான். சில ஆண்டுகளில் வந்து சேருவதே இல்லை. நன்னீரின் அழுத்தம் குறையக் குறையக் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. அதைத் தடுக்கத்தான் சட்ரஸ்கள் என்ற கடைமடைக் கதவணைகள். ஆசிய வளர்ச்சி வங்கியிடம் கடன் வாங்கி அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு ஆகியவற்றின் கரைகளைப் பலப்படுத்தி, சட்ரஸ்களைச் சீர்செய்திருக்கிறது அரசு. ஒரு துறை கடன் வாங்கி உப்பைத் தடுக்கிறது. இன்னொரு துறை நாகைத் துறைமுகத்தின் கடுவையாற்று முகத்துவாரத்தைப் பெரிய கப்பலுக்காக ஆழமாகத் தோண்டினால் உப்புக்கு வழி அகலமாகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை.

வேலைவாய்ப்பு வருமே என்பார்கள். நிலக்கரியைக் கிரேன் அள்ளுகிறது, கன்வேயர் பெல்ட் நகர்த்துகிறது, வேகன் கொண்டுபோகிறது. ஆள் தேவைப்படும் காலம் போய்விட்டது. சிங்கப்பூரைக் காட்டுகிறவர்கள் அந்த ஊர் இப்போது செய்வதையும் பார்க்கட்டும். நகரத்தை ஒட்டிய தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களைக் காலிசெய்து மேற்கே துவாசுக்குக் கொண்டுபோகிறது. விட்டுப்போகும் கரையை மக்கள் குடியிருக்கவும் நடக்கவும் திருப்பித் தரப்போகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் இருக்கிறது. சரக்கு எங்கிருந்து வரும் என்று கேட்காமல் 2010இல் திறந்தார்கள். 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கைமாறியது.

நாகப்பட்டினத்துக்குத் துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் விசைப்படகுகள் முகத்துவாரத்தில் தரைதட்டாமல் போய்வரும் அளவுக்கு ஆண்டுதோறும் தூர்வாருங்கள்; ஐஸ் ஆலையும் ஏலக்கூடமும் ஒழுங்காக இருக்கட்டும். 2023 அக்டோபரில் தொடங்கி, உடனே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பலை விட்டுவிடாமல் நடத்துங்கள். யாழ்ப்பாணத்துக்கும் நாகைக்கும் இடையே ஆளும் சிறு சரக்கும் போய்வருவது இந்த ஆற்றுக்கும் இந்தக் கரைக்கும் பொருந்திய அளவு. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே நிலக்கரி முற்றம் வராமல் இருந்தால்தான் அந்தப் போக்குவரத்து நிலைக்கும்.

அதற்கு மேல் எந்த விரிவாக்கம் வந்தாலும், எந்தச் சரக்கு, யாருடையது, எங்கே போகிறது என்று முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். முகத்துவாரத்தை எத்தனை மீட்டர் தோண்டினால் உப்பு எத்தனை கிலோமீட்டர் ஏறும் என்பதைக் கோடைக்கும் மழைக்கும் தனித்தனியாக அளந்து வெளியிடச் சொல்லுங்கள். வேளாண் மண்டலச் சட்டத்திலுள்ள துறைமுக விதிவிலக்கை நீக்கும் திருத்தத்தைக் கேளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை மாவட்டத் தலைநகரின் மண்டபத்தில் முடித்துவிடாமல், திருமருகல், கீழையூர், தலைஞாயிறு ஒன்றியங்களின் கடைமடைக் கிராமங்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் திருமலைராயன்பட்டினத்திலும் நடத்த வேண்டும். அதுவரை எந்தக் கட்சி மேடையில் ஆழ்கடல் துறைமுகம் என்று சொன்னாலும் டெல்டாக்காரர்கள் கைதட்டக் கூடாது.