அரபுத் தமிழ் நூல்களை இனி யார் வாசிப்பது?

பல வருட இழுபறிக்குப் பின் மட்டக்களப்பு பொது நூலகத்தின் புதிய கட்டடம் 2024 ஜூன் மாதம் திறந்து வைக்கப்பட்டது. காத்தான்குடிப் பிள்ளைக்கும் ஏறாவூர்ப் பிள்ளைக்கும் பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரத்தில் அது இருக்கிறது. போகட்டும், நன்றாக வாசிக்கட்டும். ஆனால் எந்த நூலகத்துக்கும் போய்ச் சேராத நூல்கள் சில நம் வீட்டு அலமாரிகளிலும் பழைய தைக்காக்களிலும் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. அரபுத் தமிழ் நூல்களைத்தான் சொல்கிறேன்.

தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கினார்கள். பிக்ஹு, வைத்தியம், பைத்து, தாலாட்டு எல்லாம் அதில் வந்தன. கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி' கடல் கடந்து இங்கேயும் புழங்கியது. பாடசாலை வாசலை மிதிக்காத, ஆனால் குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்களுக்கு அந்த எழுத்து அறிவின் கதவைத் திறந்தது. எங்கள் மூத்தம்மாவுக்குத் தமிழில் கையொப்பம் போடத் தெரியாது. மகானியை மட்டும் மடியில் வைத்து, தடங்கலில்லாமல் ராகத்தோடு வாசிப்பார். தெரிந்த ஓர் எழுத்தைக் கொண்டு தெரியாத அறிவைத் தொட வைத்த அந்த ஏற்பாட்டை அக்காலத்தின் தொழில்நுட்பம் என்றே நான் சொல்வேன்.

2019 ஏப்ரலுக்குப் பின் வந்த நாட்களை நம் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. அரபு எழுத்துள்ள எந்தத் தாளும் ஆபத்தாகத் தெரிந்தது. பயத்தில் நூல்களை எரித்தவர்களும் உண்டு, ஒளித்தவர்களும் உண்டு. 2021இல் இஸ்லாமிய நூல்களை இறக்குமதி செய்யப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற நிலையும் வந்தது. தேடுதலுக்கு வந்த அதிகாரிக்கு அந்த எழுத்து புரியாதது ஆச்சரியமில்லை. வீட்டுப் பிள்ளைக்கும் புரியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. "சேர், இது நோன்பின் சட்டம், இது பிள்ளைத் தாலாட்டு, இரண்டும் தமிழ்தான்" என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது வேறு கதை.

இன்று நம் பிள்ளைகள் எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. ஆனால் இணையத்தில் யாரோ ஏற்றி வைத்ததுதான் அதில் கிடைக்கும். இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவாக்கும் வேலையை 2005 முதல் 'நூலகம்' செய்து வருகிறது. முஸ்லிம்களின் நூல்களும் சஞ்சிகைகளும் கணிசமாக அங்கே உள்ளன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 அளவான நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம் பிரதியின் அருமையை அறிந்திருக்கிறது. 1990இல் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்ட வடபுல முஸ்லிம்களும், 2004 டிசம்பரில் கடலுக்குக் கொடுத்த நம் கரையோரமும் அதை அறியாததல்ல. இருந்தும் நம் அலமாரிகள் இன்னும் பூட்டியே கிடக்கின்றன.

நூலைப் படம் பிடித்து ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. அச்சுத் தமிழை வாசித்துத் தட்டச்சாக மாற்ற மென்பொருள் இருக்கிறது. அச்சு அரபிக்கும் இருக்கிறது. கையால் எழுதிக் கல்லச்சில் இட்ட அரபுத் தமிழின் மேலதிகப் புள்ளிகளில் அது தடுமாறும். யாராவது முதலில் பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத்துக்குப் பெயர்த்துக் கொடுத்தால்தான் கணினியும் கற்றுக்கொள்ளும், தேடுகிறவனுக்கும் கிடைக்கும்.

அதற்கான ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள், ஒரே வீதியின் இரண்டு கட்டடங்களில். மத்ரஸா மாணவனுக்கு அரபு எழுத்து தண்ணீர் பட்ட பாடு. கணினி அவனுக்கு எட்டவில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபின் அதைப் படிக்கும் மாணவிக்குக் கணினி தெரியும். மாப்பிள்ளை ஆலிம் யார் என்று தெரியாது. பதினாறு வயதில் பிரிவைத் தெரிவு செய்த கையோடு மற்ற எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைக்கச் சொல்கிறோம். பெறுபேறு முக்கியந்தான், மறுக்கவில்லை. அதற்காக ஒரு விடுமுறையில் வாரம் இரண்டு நாள் இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் யாருடைய புள்ளி குறையப் போகிறது?

"அரபு எழுத்தைப் பகிரங்கமாகப் போட்டால் மீண்டும் சந்தேகம் கிளம்பும்" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பக்கத்திலேயே தமிழ்ப் பெயர்ப்போடு போட்டால் கல்லடியில் இருக்கும் தமிழ்ச் சகோதரரும் அதை வாசிக்கலாம். ஒளித்து வைத்த புத்தகம்தான் சந்தேகத்தை வளர்க்கும்.

பெரிய நிதி தேவையில்லை. ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் ஓர் அறையும் ஒரு ஸ்கேனரும் கொடுத்தால் தொடங்கிவிடலாம். மூல நூல் வீட்டாரிடமே திரும்பிப் போகட்டும், பிரதி மட்டும் போதும். ஆனால் ஸ்கேனர் வாங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்றுண்டு: இந்த நூல்களை இன்னும் சரளமாக வாசிக்கக்கூடிய மூதாட்டிகளிடம் போய், அவர்களை வாசிக்கச் சொல்லி, கையிலுள்ள தொலைபேசியில் பதிவு செய்வது. எனக்குத் தெரிந்தவர்களில் எண்பது வயதுக்குக் குறைந்தவர் யாருமில்லை.